குரோமியம் கலந்த நிலத்தில் மண் மாதிரி எடுக்கும் முறை

உரத்தேவையை அறியும்பொருட்டு மண்ணைப் பரீட்சைக்கு அனுப்பும் வழக்கம் குடியானவர்களிடையே இப்பொழுது நன்கு பரவியிருக்கிறது. வயலில் பத்துப் பதினைந்து இடங்களில் ஆறு அங்குல ஆழம் வெட்டி, இடத்துக்கு ஒரு கைப்பிடியாக மண் எடுத்து, யாவற்றையும் ஒன்றாகக் கலந்து, நான்கு கூறாக்கி, எதிரெதிர்க் கூறுகளைத் தள்ளி, கடைசியில் எஞ்சும் அரைக் கிலோ மண்ணைப் பையிலிட்டு அனுப்புவது முறை. வரப்போரம், வாய்க்காலோரம், எருக்குவியல் கிடந்த இடம், மரநிழல் ஆகியவற்றை விலக்கவேண்டுமென்பதும் யாவரும் அறிந்ததே. தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பற்சத்து ஆகியவற்றின் அளவை அறிய இம்முறை மிகவும் ஏற்றது. ஆனால் குரோமியம், ஈயம், காட்மியம் போன்ற கன உலோகங்கள் நிலத்திற் சேர்ந்துள்ளனவா என்று அறிய விரும்புவோர் இதே முறையைக் கையாண்டால் உண்மை மறைந்துபோகும். உர மாதிரிக்கு வேண்டாமென்று விலக்கும் அவ்வாய்க்காலோரத்திலேதான் உலோகம் தங்கியிருக்கும்.

இவ்விஷயம் தாம்பரத்தைச் சுற்றியுள்ள கிராமங்களுக்கு மிகவும் நெருங்கியது. தாம்பரத்திற்கு வடக்கேயுள்ள குரோம்பேட்டை என்ற ஊர்ப்பெயரே குரோமியத்தால் வந்தது. ஆவாரம்பட்டை முதலியவற்றைக்கொண்டு தோல் பதனிட்டுவந்த சென்னையில், குரோமிய உப்பினால் பதனிடும் முறையை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்பவர் பரீட்சை செய்து பரப்பினார். பிறகு ஜி. ஏ. சேம்பர்ஸ் என்பவர் 1912ஆம் வருஷத்தையொட்டிப் பல்லாவரத்தின் அருகே குரோம் லெதர் கம்பெனியை நிறுவினார். அதனைச் சுற்றி வளர்ந்த பேட்டையே குரோம்பேட்டை. பல்லாவரம், நாகல்கேணிப் பகுதிகளில், ஜனங்கள் தோல் ஷாப்பு என்று சொல்லும் பதனிடும் சாலைகள் பின்னர்ப் பெருகின. அவற்றின் கழிவுநீரைச் சுத்திசெய்யும் பொது நிலையம் 1990களிலேதான் ஏற்பட்டது. அதற்கு முன் பல்லாண்டுகள் கழிவுநீர் பள்ளம் கண்ட வழியே ஓடி நிலத்திற் சுவறியது. அண்ணா பல்கலைக்கழகத்துப் புவியியல் துறையினர் குரோம்பேட்டையைச் சுற்றியுள்ள கிணறுகளின் நீரைப் பரிசோதித்து 2010இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், நூற்றுக்கு 86 மாதிரிகளில் குரோமியம் குடிநீருக்கு விதித்த அளவாகிய லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேற்பட்டிருந்ததாகக் கண்டனர்.

சரியான மாதிரி எடுப்பதனால் வரும் பலன் சிறிதன்று. வேலூர்ப் பிரஜைகள் நலச் சங்கத்தார் தொடுத்த வழக்கில் சுப்ரீம் கோர்ட்டார் 1996ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் 28ந் தேதி வழங்கிய தீர்ப்பில், அசுத்தம் செய்தவரே நிலத்தைச் சீர்திருத்தும் செலவையும், பாதிக்கப்பட்டோருக்கு நஷ்ட ஈட்டையும் ஏற்கவேண்டுமென்று விதித்தனர். பல்லாவரம் அப்போது அடங்கியிருந்த செங்கை எம்.ஜி.ஆர். ஜில்லாவின் தோல் பதனிடும் சாலைகளும் அத்தீர்ப்பிற்கு உட்பட்டவையே. நஷ்ட ஈடு கோரும் நிலச்சொந்தக்காரர் தம் நிலம் கெட்டதென்று வாயாற் சொல்லுதல் போதாது. எந்தச் சர்வே நம்பரில், எந்த மூலையில், எவ்வளவு ஆழத்தில் எவ்வளவு உலோகம் உள்ளதென்று காட்டவேண்டும். மறுபுறம், குற்றமற்ற நிலத்தைக் கெட்டதென்று தவறாக எழுதிவிட்டால் அதன் விலை விழும். அதில் விளைந்த கீரையையும் வாங்குவார் இரார். ஆகவே மாதிரி எடுப்பவரின் கையில் இரு பக்கத்து நன்மையும் அடங்கியிருக்கிறது.

மண்வள அட்டை வைத்திருப்போர், அதிலேயே எல்லாம் தெரிந்துவிடும் என்று எண்ணலாகாது. 2015ஆம் வருஷம் பிப்ரவரி மாதம் தொடங்கப்பட்ட அத்திட்டத்தில் பரீட்சிக்கப்படும் குணங்கள் பன்னிரண்டு. அவற்றுள் துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு ஆகியவை உண்டெனினும் அவை பயிருக்கு வேண்டிய நுண்சத்துகளாகவே அளக்கப்படுகின்றன. குரோமியமும் ஈயமும் காட்மியமும் அதில் இல்லை. அட்டையில் எல்லாக் கட்டங்களும் நல்ல நிலையைக் காட்டுகிற நிலத்திலும் குரோமியம் மிகுந்திருத்தல் கூடும்.

கலவை மாதிரியின் குறை

கலப்பதனால் வரும் பிழையை ஒரு கணக்கினால் விளக்கலாம். ஓர் ஏக்கர் வயலில் பத்தில் ஒரு பாகம் பழைய கழிவுநீர் வாய்க்காலை ஒட்டிய பட்டையென்றும், அப்பட்டையில் கிலோ மண்ணுக்கு 900 மில்லிகிராம் குரோமியமும் மற்ற ஒன்பது பாகங்களில் 80 மில்லிகிராமும் உள்ளனவென்றும் வைத்துக்கொள்வோம். வயல் முழுவதற்கும் ஒரே கலவை மாதிரி எடுத்தால் பரீட்சைச் சாலையிலிருந்து 162 என்ற எண் வரும். இந்த 162 வயலின் எந்தப் பாகத்துக்கும் உரியதன்று. பட்டையில் கீரை பயிரிடுபவர் அதைப் பார்த்து அபாயம் சொற்பமென்று இருந்துவிடுவார். மற்றப் பாகத்தில் நெல் நட்டவர் வீணாகக் கலங்குவார். வாய்க்காலோரத்தை விலக்கி எடுத்தாலோ 80 என்றே வரும். குற்றம் அறவே தெரியாது.

தேயிலைத் தோட்டங்களின் நிலை இதற்கு மாறானது. 1946ஆம் வருஷம் தென்னிந்தியத் தோட்டங்களிற் கொப்புள நோய் தோன்றியது முதல் தாமிரக் கலவை மருந்துகளும், பின்னர் அவற்றோடு நிக்கல் குளோரைடும் வருஷந்தோறும் தெளிக்கப்பட்டன. தெளிப்பு புதர்தோறும் ஒரே சீராகப் படுவதால், ஒரு பாத்தியிற் பல இடங்களில் எடுத்த மண்ணைக் கலத்தல் அங்கே பெரும்பாலும் தவறாகாது. புதரடி மண்ணையும் நடைவழி மண்ணையும் சேர்க்காதிருந்தாற் போதும். மேலும் தேயிலை மண் புளிப்புத்தன்மையுடையது, அதன் பி.எச். அளவு 4.5 முதல் 5.5 வரை இருத்தல் இயல்பு. புளித்த மண்ணில் உலோகங்கள் எளிதிற் கரைந்து வேருக்கு எட்டும். ஆகவே நீலகிரி மண்ணின் எண்ணையும் முடிச்சூர் வயலின் எண்ணையும் நேருக்கு நேர் ஒப்பிடுவது பொருந்தாது. தெளிப்பினால் வந்த உலோகத்துக்கு ஒரு முறை, ஓடையினால் வந்த உலோகத்துக்கு வேறொரு முறை என்பதே இதனாற் பெறப்படுவது.

வயலில் எடுக்கும் விதம்

முதலில் அந்நிலத்தின் பழைய வரலாற்றை அறிந்த முதியவர் ஒருவரை உடனழைத்துச் சென்று, கழிவுநீர் எந்த மடை வழியாக நுழைந்தது, எங்கே தேங்கியது, தோல் ஷாப்புச் சேறு எப்பொழுதாவது எருவாகக் கொட்டப்பட்டதா என்பவற்றைக் கேட்டறிதல் வேண்டும். அரை மணி நேரம் இப்படி நடப்பது பல மாதிரிகளின் செலவை மிச்சப்படுத்தும். பிறகு வாய்க்காலுக்கு இணையாக வயலைப் பட்டைகளாகப் பிரிக்கவேண்டும்: கரையிலிருந்து மூன்று மீட்டர் வரை ஒன்று, மூன்று முதல் பத்து மீட்டர் வரை மற்றொன்று, எஞ்சிய வயல் மூன்றாவது. மடைவாயும் நீர் தேங்கிய தாழ்விடமும் தனித்தனி. ஒவ்வொரு பட்டைக்குள்ளும் ஐந்தாறு இடத்து மண்ணைக் கலக்கலாம். பட்டைக்குப் பட்டை கலத்தல் கூடாது.

உழுத நிலத்தில் முதல் 15 சென்டிமீட்டர் ஒரு மாதிரி. அடுத்த 15 சென்டிமீட்டர் மற்றொரு மாதிரி. தோல் பதனிட உபயோகிப்பது மூவிணைக் குரோமியம். அது களிமண்ணையும் மக்கையும் பற்றிக்கொண்டு பெரும்பாலும் மேல்மண்ணிலேயே நின்றுவிடும். கீழ்மண்ணிலும் அளவு மிகுந்திருந்தால், ஒன்று அங்கே சேறு புதைக்கப்பட்டிருக்கவேண்டும், அல்லது நீரோடு ஓடும் தன்மையுள்ள அறுவிணைக் குரோமியம் சம்பந்தப்பட்டிருக்கவேண்டும். பின்னது நேர்ந்திருந்தால் கிணற்று நீரையும் உடனே பரீட்சிப்பது அவசியம்.

அடுத்து, கெடாத நிலத்து மாதிரி. பலர் விட்டுவிடுவது இதனையே. குரோமியம் எல்லா மண்ணிலும் இயற்கையாகவே உண்டு. உலகத்து மண்களின் சராசரி கிலோவுக்கு ஏறக்குறைய 60 மில்லிகிராம் என்பர். பல்லாவரத்துக் குன்றுகளோ சார்னகைட் என்னும் கருநிறப் பாறையாலானவை. கல்கத்தாவில் ஜாப் சார்னக் என்பவரது சமாதிக்கு இப்பக்கத்துக் கல்லே கொண்டுபோகப்பட்டது. அதனைக் கண்டே தாமஸ் ஹாலண்டு என்னும் பூகர்ப்ப சாஸ்திரி 1893இல் அப்பாறைக்கு அப்பெயரிட்டார். இவ்வினப் பாறைகளிற் கருமை மிகுந்தவற்றில் குரோமியமும் நிக்கலும் மிகுந்திருப்பது இயல்பு. அவை சிதைந்துண்டான மண்ணிலும் அப்படியே. எனவே, வயல் மண்ணில் 110 என்று எண் வந்த மாத்திரத்தில் பழியைத் தோல் ஷாப்பின்மீது சுமத்தலாகாது. அதே மண் வகையுள்ள, கழிவுநீர் ஒருபோதும் ஏறாத மேட்டு நிலத்தில் குறைந்தது மூன்று மாதிரிகள் எடுத்துப் பார்க்கவேண்டும். அவை 70, 85, 95 என்று வந்தால் 110 என்பது சந்தேகத்துக்கு இடமளிக்கும் எண். 400 என்பதோ சந்தேகமற்ற சான்று. ஒரே மாதிரி எடுத்து அது தற்செயலாக 70 என்று வந்திருந்தால், 110ஐயும் பெருங்குற்றமாக எண்ண நேரும்.

கருவிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. வீட்டில் எவர்சில்வர் என்று சொல்லும் பாத்திரங்களின் உலோகத்தில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குரோமியம். பளபளக்கும் கரண்டியால் மண்ணைச் சுரண்டியெடுத்துக் குரோமியம் தேடுவது, மஞ்சள் தோய்ந்த கையால் வெள்ளைத் துணியை ஆராய்வது போலாகும். துத்தநாகம் பூசிய வாளியும் பித்தளைச் சல்லடையும் துத்தநாகத்தையும் தாமிரத்தையும் கூட்டிவிடும். இரும்பு மண்வெட்டியால் குழி வெட்டிய பின், வெட்டு பட்ட முகத்தை மூங்கிற் பட்டையால் வழித்துத் தள்ளிவிட்டு, உள்ளிருக்கும் மண்ணையே மாதிரிக்கு எடுக்கவேண்டும். பிளாஸ்டிக் பை புதியதாக இருக்கவேண்டும். உரம் வந்த பை எவ்வளவு கழுவினாலும் உதவாது. பாறைப் பாஸ்பேட்டிலிருந்து செய்த உரங்களிற் காட்மியம் சிறிது கலந்திருப்பதுண்டு.

பையினுள்ளும் வெளியிலும் சீட்டு வைக்கவேண்டும். சர்வே நம்பர், உட்பிரிவு, எல்லைக் கல்லிலிருந்து எத்தனை மீட்டர் எந்தத் திசை, ஆழம், தேதி, கடைசியாக நீர் பாய்ச்சிய நாள், எடுத்தவர் பெயர் ஆகியவை அதில் இருத்தல் வேண்டும். கிராம நிர்வாக அலுவலர் புலப்பட நகலில் அவ்விடங்களைக் குறித்துக் கையொப்பமிட்டு வைத்தால், ஐந்து வருஷத்துக்குப் பிறகும் அதே இடத்தில் மறுபடி எடுத்து ஒப்பிட இயலும்.

ஆலையின் கழிவுநீரைக் குடியானவர் தாமே சீசாவில் பிடித்துப் பரீட்சை செய்வித்தால், அது வழக்கில் சாட்சியமாகச் செல்லாது. 1974ஆம் வருஷத்து நீர் மாசு தடுப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவின்படி, அதற்குரிய அதிகாரி ஆலையாருக்கு அப்பொழுதே அறிவிப்புக் கொடுத்து, நீரை இரு பங்காக்கி, முத்திரையிட்டு, இரு தரப்பும் கையொப்பமிட்ட மாதிரியே செல்லும். ஆயினும் தமது நிலத்து மண்ணையும் தமது கிணற்று நீரையும் சொந்தக்காரர் பரீட்சித்துக்கொள்வதற்குத் தடையில்லை. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு விண்ணப்பம் எழுத அதுவே நல்ல ஆதாரம்.

கிணற்று நீர்

மின்சார இறைப்பானைப் பத்து நிமிஷமாவது ஓடவிட்டு, குழாயிற் பழைய நீர் கழிந்த பின் பிடிக்கவேண்டும். இரண்டு பாட்டில்கள் தேவை. ஒன்றில் பரீட்சைச் சாலையார் கொடுக்கும் நைட்ரிக் அமிலத்தைச் சேர்க்கவேண்டும். மொத்தக் குரோமியத்தை அளக்க இது. மற்றொன்றில் அமிலம் சேர்க்கக்கூடாது. அதை ஐஸ் பெட்டியில் வைத்து இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் சேர்ப்பிக்கவேண்டும். அறுவிணைக் குரோமியத்தை அளக்க இது. அமிலம் பட்டால் அறுவிணைக் குரோமியம் மூவிணையாக மாறிவிடக்கூடும். அப்பொழுது விஷம் மிகுந்த கிணறும் குற்றமற்றதாகத் தோன்றும். வடகிழக்குப் பருவமழைக்கு முன் புரட்டாசியில் ஒரு தடவையும், மழைக்குப் பின் தை மாதத்தில் ஒரு தடவையும் எடுத்தாலன்றி ஒரு கிணற்றைப் பற்றி முடிவுசெய்தல் கூடாது.

பரீட்சைச் சாலையில்

நிழலில் உலர்த்தி, இடித்து, இரண்டு மில்லிமீட்டர் நைலான் சல்லடையில் சலித்த மண்ணை வலிய அமிலங்களிற் கொதிக்கவைத்துக் கரைத்து, அக்கரைசலை அணு உறிஞ்சுமானி என்னும் கருவியில் அளப்பது வழக்கம். 1950களில் ஆஸ்திரேலியாவில் ஆலன் வால்ஷ் என்பவர் கண்ட முறை இது. இதனால் வருவது மொத்தக் குரோமியம். மண்வள அட்டைக்குத் துத்தநாகமும் தாமிரமும் அளக்கும் டி.டி.பி.ஏ. கரைசல் குரோமியத்துக்குப் பொருந்தாது; அதனால் அளந்து சொற்பமென்று வந்த எண்ணை நம்பலாகாது. அறுவிணைக் குரோமியத்துக்குக் காரக் கரைசலில் மண்ணைச் சூடாக்கி, டைபினைல் கார்பசைடு என்னும் மருந்தைச் சேர்த்து, உண்டாகும் செவ்வூதா நிறத்தின் அழுத்தத்தை அளப்பர். எனவே மாதிரியை அனுப்பும்பொழுதே மொத்தமா, அறுவிணையா, இரண்டுமா என்று எழுதிக் கேட்கவேண்டும். வெறுமே குரோமியம் என்று எழுதினால் மொத்தம் மட்டுமே வரும்.

பரீட்சைச் சாலையின் எண்ணைச் சோதிக்கவும் வழியுண்டு. ஒரே மண்ணை இரண்டாகப் பிரித்து, வெவ்வேறு நம்பரிட்டு, மற்ற மாதிரிகளோடு சேர்த்து அனுப்பவேண்டும். இரண்டும் ஏறக்குறைய ஒத்து வந்தால் மற்ற எண்களையும் நம்பலாம். ஒன்று 90, மற்றொன்று 180 என்று வந்தால் முழுவதையும் மறுபடி செய்யச் சொல்லலாம்.

எண்களைப் படித்தல்

கானடா தேசத்தார் பயிர் நிலத்துக்கு விதித்துள்ள அளவு, கிலோ மண்ணுக்கு மொத்தக் குரோமியம் 64 மில்லிகிராம். அறுவிணைக் குரோமியம் 0.4 மில்லிகிராம். நம் பாறைகளின் இயற்கை அளவே முதலெண்ணைத் தாண்டக்கூடுமாதலால் அதனை அப்படியே கொள்வதற்கில்லை. ஆனால் இரண்டு எண்களுக்கும் உள்ள இடைவெளி கவனிக்கத்தக்கது. மூவிணைக் குரோமியம் மண்ணைப் பற்றி நிற்பது. பயிரேறினாலும் வேரிலேயே பெரும்பாலும் தங்கிவிடும். அறுவிணையோ நீரிற் கரைந்து கிணற்றுக்கு ஓடும். புற்றுநோய் உண்டாக்குவதென்று தீர்மானிக்கப்பட்டது. மண்ணிலுள்ள மாங்கனீசுத் துரு மூவிணையை அறுவிணையாக்க வல்லது. மக்கிய தொழுவெரு அறுவிணையை மூவிணையாக்க வல்லது. தொழுவெரு மிகுதியாக இடுவது இவ்வகையிலும் நன்மையே. எனினும் மொத்த உலோகம் அதனாற் குறைந்துவிடாது.

பாய்ச்சும் நீருக்கு ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய ஸ்தாபனத்தார் கூறும் அளவு லிட்டருக்கு 0.1 மில்லிகிராம். இந்நீரை ஒரு போகத்துக்கு ஒரு மீட்டர் உயரம் பாய்ச்சினால் ஏக்கருக்கு 40 லட்சம் லிட்டர். அதில் வருவது 400 கிராம் குரோமியம். ஏக்கரின் மேல்மண் ஏறக்குறைய 8 லட்சம் கிலோ. ஆகவே போகத்துக்குக் கூடுவது கிலோவுக்கு அரை மில்லிகிராம். நூற்றுக்கு ஒரு பங்கு குரோமியமுள்ள உலர்ந்த சேற்றை ஏக்கருக்கு நான்கு டன் எருவாக இட்டாலோ 40 கிலோ குரோமியம் ஒரே நாளில் நிலத்திற் சேர்ந்துவிடும். கிலோவுக்கு 50 மில்லிகிராம் கூடும். நூறு போகத்து நீர் செய்வதை ஒரு வண்டிச் சேறு வரிசை செய்துவிடுகிறது. இலவசமாய்க் கிடைக்கிறதென்று அச்சேற்றை வாங்கியவர்கள் இக்கணக்கைக் கவனிக்க.

பயிர் கருகுவதெல்லாம் குரோமியத்தாலென்று எண்ணுவதும் சரியன்று. தோல் கெடாதிருக்க இடும் சோற்றுப்பு கழிவுநீரில் மிகுதியாக வருகிறது. இலை ஓரம் தீய்ந்து, நாற்று வேர்பிடியாமற் போவது பெரும்பாலும் அவ்வுப்பின் வேலையே. மண்ணின் மின் கடத்தும் திறனை அளந்தால் இது தெரிந்துவிடும். சாதாரண மண் பரீட்சையிலேயே அவ்வெண் கிடைக்கும். உப்பு நல்ல மழையில் கழுவப்பட்டுப் போகும். பயிர் தேறியதும் நிலம் சுத்தமாகிவிட்டதென்று சிலர் நினைப்பர். குரோமியம் அங்கேயே இருக்கும்.

ஏரி வண்டல்

தாம்பரம் வட்டாரத்து ஏரிகள் பல, வீடுகள் பெருகியபின் சாக்கடைநீரையும் ஏற்றன. கோடையில் அவற்றின் வண்டலை அள்ளி வயலுக்கு அடிப்பது பழைய நல்வழக்கம், அதனை விடவேண்டுவதில்லை. ஆனால் அள்ளுமுன், நீர் நுழையும் வாயருகே ஒன்று, ஏரி நடுவே ஒன்று, மதகருகே ஒன்று என மூன்று மாதிரிகளைத் தனித்தனியே எடுத்து ஈயம், காட்மியம், குரோமியம் மூன்றையும் பரீட்சிப்பது நன்று. நுண்ணிய களியே உலோகத்தை மிகுதியாகப் பற்றுவதால், மணற்பாங்கான வாயருகைவிட நடுவில் அளவு கூடுதலாக இருத்தல் கூடும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர், வரதராஜபுரம் முதலிய இடங்கள் மூழ்கியபோது அடையாற்று நீர் வயல்களிலும் வண்டலை விட்டுச் சென்றது. அவ்வயல்களில் இன்று மாதிரி எடுப்போர், உழவு படாத வரப்படியிலோ தோப்பிலோ அவ்வெள்ள வண்டல் தனி அடுக்காகத் தெரிந்தால், அதனை மேல்மண்ணோடு சேர்க்காமல் வேறு பையிலிட்டு, வெள்ள வண்டல் என்று சீட்டெழுதி அனுப்பவேண்டும்.